பீடத்தின் மேல் கிடந்த கடிதம்

சிலுவை வீரர் சபையின் தலைவர் பொன்ஸுக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எப்படி இறங்கும்? சீமித் தீவுக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதி அனுப்பியவர் அவர். ‘கோட்டையைக் கைவிடு. ஊர் ஜனங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு உடனே ரோட்ஸுக்கு வந்து சேர்.’

சின்னக் கோட்டைகளைக் காக்கப்போய் தலைமைக் கோட்டையான ரோட்ஸைப் பறிகொடுக்க முடியாது என்று அவர் நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை. ஆனால் கடிதம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது, வெள்ளிக்கிழமை விடியும்போது துருக்கியரின் பதினெட்டுக் கப்பல்கள் சீமிக்கும் ரோட்ஸுக்கும் நடுவில் வந்து நின்றன. கிளம்பியிருந்தால் முந்நூறு ஜனங்களும் நேரே அவர்கள் கையில் போய் விழுந்திருப்பார்கள். பாவி மனுஷன், மாடத்தில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வாய் கஞ்சியாவது குடிங்க ஐயா,” என்றார் எழுத்தர் ரெனால்.

“நீயே குடி. முந்நூறு உசுரை நான் குடிச்சாச்சு.”

திங்கட்கிழமை காலை கப்பல்கள் பாயை விரித்து வடக்கே போயின. மத்தியானம் கடற்பஞ்சு எடுக்கிறவர்களின் படகு ஒன்று துறைக்குள் நுழைந்தது. அதிலிருந்து குதித்தவன் உகோலின், சீமிக் கோட்டைக்குப் பொறுப்பான காவலன். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, தலைவர் படிகளில் ஓடியே இறங்கினார்.

“ஜனங்க எங்கடா?”

“எந்த ஜனங்க ஐயா?”

“சீமி ஜனங்கடா! முந்நூறு பேரு!”

“கோட்டைக்குள்ளதான் இருக்காங்க. வெங்காயம் தீந்துபோச்சாம், என்னை உண்டு இல்லைன்னு ஆக்குறாங்க. கரையேறி வந்த துருக்கியன் மேல மூணு நாளு கல்லு எறிஞ்சதுல கூட அவங்களுக்கு அலுப்பு இல்லை. இவங்ககிட்ட மாட்டுறதுக்குப் பயந்தே அவன் போயிட்டான்.”

தலைவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் மூன்று நாளாக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் முணுமுணுத்தது.

“என் கடிதம் வரலையா?”

“வந்துச்சே.” உகோலின் மடியிலிருந்து எடுத்தான். முத்திரை உடையவே இல்லை. “நான் எப்படிப் பிரிப்பேன்? எனக்கு நாப்பது நாள் தண்டனை குடுத்தது நீங்கதானே? இன்னும் ஒம்போது நாள் பாக்கி.”

உண்மைதான். சாப்பாட்டு வேளையில் வாய் திறக்கக் கூடாது என்ற சபை விதியை மீறி ஒரு சகோதரனோடு சண்டை போட்டு, அவன் தலையில் மீன் குழம்பைக் கவிழ்த்தவன் உகோலின். தண்டனை முடியும்வரை தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சபையின் முத்திரையை உடைக்கக் கூடாது. எதிரி வந்தால் மட்டும் வாளை எடுக்கலாம். அவன் பேருக்கு வந்த கடிதத்தை வேறு யாரும் பிரிக்கவும் கூடாது. அதனால் கடிதம் கோயில் பீடத்தின் மேல் பத்திரமாகக் கிடந்தது.

ரெனால் தலையில் அடித்துக்கொண்டார். “தண்டனையை எழுதினவனும் நான், கடிதத்தை மடிச்சவனும் நான். எனக்கு அது தோணவே இல்லையே ஐயா!”

“தண்டனை குடுத்த எனக்கே தோணலை, உனக்கு எங்க தோணப்போவுது!” தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

உகோலினும் சிரித்தான். “அவசரமா இருக்குமோன்னுதான் கொண்டாந்தேன். அதுல என்ன ஐயா எழுதியிருந்தீங்க?”

ரெனால் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தலைவருக்கு மனசு வரவில்லை.

“கோட்டையை விட்டுட்டு, எல்லாரையும் படகில ஏத்திட்டு வந்துடுன்னு எழுதியிருந்தேன்.”

உகோலினின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தான், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

“வியாழக்கிழமை படகெல்லாம் கரையிலதான் கிடந்துச்சு ஐயா,” என்றான் மெதுவாக. “பிரிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரியே ஏத்தியிருப்பேன். ஏன்னு ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும்டா,” என்றார் தலைவர். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கவே ஓவென்று அழுதார்.