ஆளுக்கு ஓர் அம்மா

லெசோதோவின் போட்டித்திறனை உயர்த்தும் பொறுப்பு இயக்குநர் மொட்லாட்சியின் தலையில் விழுந்திருந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் ஒரு குட்டி நாடு, உலகத்துக்கு விற்க இருப்பது தண்ணீர், ஆட்டு ரோமம், தலைநகர் மசேருவின் ஆலைகளில் தைக்கிற ஜீன்ஸ். அதே ஜீன்ஸை வியட்நாம்காரன் மலிவாகவும் சீக்கிரமாகவும் தைத்துத் தள்ளுகிறான். அது எப்படி என்று அரசாங்கச் செலவில் ஆறு மாதம் யோசித்து மொட்லாட்சி கண்டுபிடித்தார்: நம் பெண்களுக்கு அம்மாக்கள் அதிகம்.

கரண்ட் போவதும் எல்லையில் லாரிகள் காய்வதும் அவர் கண்ணில் படவில்லை. சனிக்கிழமை அடக்கத்துக்கென்று தையல்காரிகள் லீவு போடுவதுதான் பட்டது. அம்மாவின் அக்காவும் அம்மா, தங்கையும் அம்மா என்கிற ஊர். ஒருத்திக்கு ஒரே வருஷத்தில் மூன்று அம்மாக்கள் செத்திருந்தார்கள். உடனே விதி போட்டார்: பெற்றவள் மட்டுமே அம்மா. வேறு அம்மாவைப் புதைக்கப் போனால் சம்பளம் வெட்டு. முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தன் அலுவலகத்துக்கும் அதையே வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்புறம் சொந்த ஊர் மாஃபெட்டெங்கில் மத்தகானே செத்துப்போனாள். அவருடைய பெரியம்மா. பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட, இவரைக் கம்பளியில் கட்டி முதுகில் சுமந்து ஆளாக்கியவள். அடக்கம் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் வெளிநாட்டு வியாபாரிகள் முன்னால் அவர் பேசவேண்டிய கூட்டமும்.

லீவு விவகாரம் பார்க்கும் லிபுவோவிடம் போய் நின்றார். மரியாதைக்கு ஆணை ந்தாத்தே, அதாவது அப்பா, என்றும் பெண்ணை ம்மே, அதாவது அம்மா, என்றும் கூப்பிடுகிற ஊர் அது.

"பெத்தவங்களா, ந்தாத்தே?"

"வளர்த்தவங்க, ம்மே. எனக்குத் தெரிஞ்ச ஒரே அம்மா."

"எல்லாப் பொண்ணுங்களும் இதையேதான் சொல்லுச்சுங்க. சும்மா சாக்கு சொல்றாளுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நான் போகலேன்னா முதல் மண்ணு யாரு போடறது?"

"வியட்நாம்லேர்ந்து ஆளு வரவழைப்போம். மலிவாவும் போடுவான், சீக்கிரமாவும் போடுவான்."

சனிக்கிழமை கூட்டத்தை அம்போவென்று விட்டுவிட்டு மொட்லாட்சி மாஃபெட்டெங்குக்கு ஓடினார். குழியைச் சுற்றி ஆலைப் பெண்கள் கம்பளி போர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளாக இருந்த இவர்களுக்கெல்லாம் சோறு போட்டவள் மத்தகானே. சம்பளம் போனால் போகட்டும் என்று வந்திருந்தார்கள். அவரால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதார்.

ஒருத்தி அவர் கையில் மண்வெட்டியைத் திணித்தாள். "போடுங்க ந்தாத்தே. உங்க அம்மாதானே?"

"என் அம்மாதான்."

"எங்களுக்கும் அம்மாதான். அதையும் எங்கேயாவது எழுதி வையுங்க."

அவர் தலையாட்டிக்கொண்டே மண்ணைத் தள்ளினார். அந்தப் பெண்கள் அவரை உட்காரவைத்து, இறைச்சியும் அவித்த சோளமும் கொடுத்துத் தேற்றி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலை, வீங்கின கண்ணோடு வந்து முதல் வேலையாக விதியைத் திருத்தினார். இயக்குநர் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் இரண்டு அம்மாக்கள். பிறகு, சனிக்கிழமை வராத பெண்களுக்குச் சம்பளத்தை மறக்காமல் வெட்டும்படி ஆலைகளுக்குச் சொல்லியனுப்பினார். வியட்நாம்காரன் காத்திருக்க மாட்டானே.