இன்னும் வந்து சேராத 614

நகரத்தின் பத்து கிலோமீட்டர் ஓட்டப்பந்தயத்தில் மின் மீட்டர் கணக்கெடுக்கும் ஒருவர் ஓடத் தொடங்கி இந்தக் குளிர்காலத்தோடு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன; இன்னும் ஓடி முடிக்கவில்லை. பந்தயக் குழுவின் பதிவேட்டில் அவருடைய 614 என்ற எண்ணுக்கு நேரே ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்று எழுதி, ஆண்டுதோறும் அதன் கீழ் ஒரு கையெழுத்துப் போடுகிறார்கள். பொய்யில்லை, வந்துகொண்டுதான் இருக்கிறார். பூக்காட்சியன்று பாத்திகளுக்கு நடுவே ஓடுகிறார். பட்டத் திருவிழாவில் நூல்களுக்குத் தலையைக் குனிந்து கொடுத்து ஓடுகிறார். படகுப் போட்டியன்று கரையோரமாக, புத்தகக் கண்காட்சியன்று சமையல் நூல் கடைக்கும் சட்ட நூல் கடைக்கும் இடையே. ஒவ்வொரு முறையும் நான்கு நிமிடம்தான். கூட்டம் எங்கே முடிகிறதோ அங்கே அவரும் முடிந்துபோகிறார். அடுத்த விழா வரை யார் கண்ணிலும் படுவதில்லை. முடிவுக் கோட்டு ரிப்பனை அவர் முன்னாலேயே மூன்று முறை கட்டிப் பார்த்தார்கள். மூன்று முறையும் அதை மார்பில் மாட்டிக்கொண்டு போய்விட்டார், கால் நிற்கவில்லை.

தவறு எங்கே நடந்தது என்பது நாற்காலிக்காரருக்குத் தெரியும். விழாக்களுக்கு நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவர். ஓடுகிறவருக்கு மனைவியின் அண்ணன். பந்தயத்தன்று ரவுண்டானாவில் கொடியோடு நின்று ஓட்டக்காரர்களை இடப்பக்கம் திருப்பிவிடுவது அவர் பொறுப்பு. அதைச் செய்யாமல், கால் ஆடிய ஒரு நாற்காலியிலிருந்து ஒரு கனத்த மனிதரை எழுப்பிவிடப் போனார். தொழில் புத்தி. கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். கொடி வலப்பக்கம் காட்டியது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார். அந்தத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் வழி தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் மச்சானுடைய கொடி தப்பு என்று எப்படிச் சொல்வது? வலப்பக்கம் திரும்பினார். மற்ற அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு அங்கே மச்சான் இல்லாததால் அவர்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை தானாக வழி தவறிவிட்டார் என்று ஊர் சொன்னது. நாற்காலிக்காரர் மறுக்கவில்லை.

தங்கை பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் விழாப் பட்டியலை மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். விழாவன்று ஷூ போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். அவர் கடக்கும்போது கூடவே ஓடுவாள். அந்த நான்கு நிமிடத்தில் குடித்தனம் நடக்கும். வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளையடிக்க மாட்டேன் என்கிறார், உங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்து. கையெழுத்து நாற்காலிக்காரரின் முதுகில் வைத்துப் போடப்படும் என்பதால் அவரும் முன்னால் குனிந்தபடியே ஓட வேண்டும்.

“முதுகை ஆட்டாதீங்க மச்சான், பேங்க்ல ஏத்துக்க மாட்டாங்க,” என்பார் மாப்பிள்ளை.

இரண்டாம் ஆண்டில்தான் நாற்காலிக்காரர் அதைக் கவனித்தார். இரண்டு விழாக்களுக்கு நடுவே பன்னிரண்டு நாள் போனால் சட்டையில் இருந்த எண் மங்கி வந்தது. இருபது நாள் போனால் நிழல் கூட வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் முப்பத்தொரு நாள் இடைவெளி விழுந்துவிட, மாப்பிள்ளை வந்தபோது அவர் உடம்பு வழியாகவே பின்னால் நின்ற ஐஸ் வண்டியின் விலைப்பலகையைப் படிக்க முடிந்தது. அன்றிலிருந்து நாற்காலிக்காரர் மனு எழுத ஆரம்பித்தார். குடை விழா, பழைய ரேடியோ கண்காட்சி, நாய்கள் அணிவகுப்பு, காய்கறியில் சிற்பம் செய்யும் போட்டி, நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டவர்களின் ஊர்வலம். பத்து நாளுக்கு ஒன்று என்று பட்டியல் நீண்டது. எப்போது போனாலும் ஏதாவது நடக்கிற நகரம் என்று வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கியது இப்படித்தான். நாற்காலி வாடகைக்கு ஆசைப்பட்டு மனிதர் விழாவாகப் பெற்றுத் தள்ளுகிறார் என்று ஊரில் பேச்சு. அதையும் அவர் மறுக்கவில்லை.

சென்ற ஆண்டு புதிதாக வந்த மாநகராட்சி ஆணையர் அம்மாள், புத்தகக் கண்காட்சிக்கும் பூக்காட்சிக்கும் இடையில் எல்லா விழாக்களையும் ரத்து செய்தார். தொண்ணூற்று நான்கு நாள். குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை. நாற்காலிக்காரர் அறிவிப்பைப் பலகையில் படித்தார், நம்பாமல் விரல் விட்டு எண்ணினார், நேரே ஆணையர் அறைக்குப் போனார்.

“மூணு மாசம் ரொம்ப அதிகம்மா.”

“குழாய் எழுபது வருஷப் பழசு சார். தோண்டிப் போட்ட தெருவுல விழா எப்படி நடத்துறது? உங்க நாற்காலிங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கொடுங்க.”

“நான் நாற்காலிக்காக வரல.”

“614 விஷயமா? ஃபைல் பார்த்தேன். அவர் ஓடறதுக்கு நான் ஒண்ணும் தடை போடலையே.”

முப்பத்தொரு நாளுக்கே ஐஸ் விலை தெரிந்தது. தொண்ணூற்று நான்கு நாளுக்கு என்ன மிஞ்சும் என்று அவர் படுத்தால் கணக்கு, எழுந்தால் கணக்கு. இருபத்தாறாம் நாள் தன் கிடங்கிலேயே நானூறு நாற்காலி போட்டு, தோரணம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, ‘விழா’ என்று மட்டும் எழுதித் தொங்கவிட்டார். தெருவெல்லாம் பள்ளம், ஒரு ஆளும் வரவில்லை. சாயங்காலம் வரை அவரே ஒவ்வொரு நாற்காலியாக மாறி மாறி உட்கார்ந்து கை தட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வரவில்லை.

நாற்பதாம் நாள் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கு கொடி என் அக்குள்ல இருந்துச்சு.”

“தெரியும்ணா.”

“யார் சொன்னா?”

“அவர்தான். மொத வருஷமே, பட்டம் விட்ட அன்னைக்கு. அண்ணன்கிட்ட கேட்டுடாத, மனசு சங்கடப்படுவாருன்னாரு.” ஒரு சட்டையை உதறினாள். “அந்தக் கிளிப்பை எடுங்க.”

இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், இப்படிப்பட்ட மனுஷனையா காற்றில் கரைய விட்டோம் என்று நினைத்தார். கிளிப்பை எடுத்துக் கொடுத்தார். ஐம்பது நாள் ஆனபோது அவள் ஆணியிலிருந்த பட்டியலைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருந்தாள்.

ஐம்பத்தெட்டாம் நாள், தோண்டுகிறவர்கள் பழைய பெரிய குழாயை உடைத்துவிட்டார்கள். அதன் பிறகு தங்கையின் தெருவில் இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. புதன்கிழமை நான்கு மணிக்குத் தண்ணீர் லாரி வரும் என்றார்கள். மூன்றரைக்கே தெரு முழுவதும் வெளியே வந்து, லாரிக்கு நடுவில் வழி விட்டு, இரண்டு பக்கமும் வாளியும் குடமுமாக நின்றது. தங்கைக்கு உதவியாக நாற்காலிக்காரரும் இரண்டு வாளியோடு நின்றார். லாரி வரவில்லை. எல்லாக் கழுத்தும் தெருமுனைப் பக்கமே நீண்டிருந்தது. நாலே காலுக்கு ஈர மண்ணில் ஷூ சத்தம் கேட்டது.

முதலில் சத்தம் மட்டும்தான் வந்தது. பிறகு எண்ணெய் பட்ட காகிதம் போல ஒரு மனிதர். எதிர்வரிசை வாளிகளின் சிவப்பும் நீலமும் அவருக்குள் தெரிந்தன. யாரோ வாளியின் அடியில் தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். தங்கை செருப்போடு ஓடினாள், அதை உதறிவிட்டு ஓடினாள்.

“எங்க போயிட்டீங்க?”

“எங்கயும் போகல. ரோடே தென்படல. ஆளுங்க ரெண்டு பக்கம் நின்னு பார்த்தாத்தான் எனக்கு நடுவுல ரோடுன்னு ஒண்ணு தெரியுது.”

தெருவின் கோடியை எட்டும்போது சட்டை எண்ணில் ஆறு தெரிந்தது. ஒன்றும் நான்கும் இன்னும் தெளியவில்லை. ஆட்களை உட்கார வைத்தே பிழைத்த நாற்காலிக்காரருக்கு, நிற்க வைத்தால் போதும் என்பது தெரிய இத்தனை காலம் பிடித்தது. அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதார். லாரி ஐந்து மணிக்கு வந்தது.

இப்போது புதுக்குழாயில் மாடி வரைக்கும் தண்ணீர் ஏறுகிறது. இருந்தாலும் புதன்கிழமைதோறும் நான்கு மணிக்கு அந்தத் தெரு காலி வாளிகளோடு வெளியே வந்து நிற்கிறது. மாநகராட்சி இதை ‘லாரி நாள்’ என்று விழாப் பட்டியலில் சேர்த்து, நாற்காலி தேவையில்லை என்றும் குறித்திருக்கிறது. போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒருவர், ஊர் வழக்கம் தெரியாமல், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தார்.

“லாரியெல்லாம் வராதுங்க,” என்றாள் அவள். “வாளியைக் கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க, அவர் கால்ல இடிக்கும்.”