எலிசியோ தோள் கொடுத்த பெட்டி

கெட்டுப்போன சிப்பியைத் தின்றுவிட்டு நடிகன் மருத்துவமனையில் படுத்தபோது, யஸ்னாவின் படத்தில் இன்னும் பத்து நாள் வேலை மிச்சமிருந்தது.

பேச்சுவார்த்தை அற்றுப்போன அக்காவும் தம்பியும் அப்பாவின் சவப்பெட்டியைப் பழைய லாரியில் ஏற்றி, அடகாமா பாலைவனத்தைக் கடந்து கடற்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அதுதான் கதை. எழுதியவளும் இயக்குபவளும் அக்காவாக நடிப்பவளும் யஸ்னாவே. காமிராவும் ஒலியும் ஃப்ரெசியாவின் பொறுப்பு. தம்பிக்குத்தான் இப்போது ஆளில்லை. அதோடு அந்த லாரி அவளுடைய அப்பா ஓட்டியது. அதன் கிளட்ச் யாருக்கும் அடங்காது, அவளுடைய சொந்தத் தம்பி ஒருவனைத் தவிர.

ஒன்பது வருடம் கழித்து அவனுக்குப் போன் செய்தாள்.

"அப்பா லாரியை ஓட்டணும். கொஞ்சம் நடிக்கணும். வருவியா?"

"வேற எவனாவது அதைத் தொட்டானா?"

"ஒருத்தன் தொட்டான். ஆஸ்பத்திரில இருக்கான்."

"நாளைக்கு வரேன்" என்றான் எலிசியோ.

வந்தான். மூன்று நாள் லாரியோடு மட்டும் பேசினான். யஸ்னா அதற்கெல்லாம் அசரவில்லை. தனக்கு என்ன வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். சொல்வாள், அவன் செய்வான், ஃப்ரெசியா படம் பிடிப்பாள். தம்பி வண்டி ஓட்டும்போது திரையில் நன்றாகவே இருந்தான். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள், சாலையோரம் லாரியை நிறுத்தி, காலிச் சவப்பெட்டியின் மேல் இருவரும் உட்கார்ந்து ரொட்டி தின்னும் காட்சி. 'அம்மாவைப் புதைக்கறதுக்கு ஏன் வரல?' என்று அக்கா கேட்க வேண்டும். 'வேலை இருந்தது' என்று தம்பி சொல்ல வேண்டும். பன்னிரண்டு தடவை திருத்தி எழுதியபோதும் அந்த இரண்டு சொல்லை மட்டும் அவள் மாற்றவே இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மாவைப் புதைத்த அன்று, பெட்டி தூக்க ஒரு தோள் குறைந்து, கல்லறைக் காவலாளி வந்து அம்மாவைத் தூக்கினார்.

ஃப்ரெசியா கை காட்டினாள். யஸ்னா கேட்டாள்.

எலிசியோ ரொட்டியை மென்று விழுங்கினான். "இதை நான் சொல்ல மாட்டேன்."

"எழுதியிருக்கறதைச் சொல்லுடா."

"பொய்யை எழுதிட்டு என்னைச் சொல்லச் சொல்றியா? நான் வந்தேன்க்கா."

ஃப்ரெசியா காமிராவை நிறுத்தவில்லை.

"எங்க வந்த? நான் உன் வழியையே பாத்துட்டு நின்னேன்."

"இக்கிகேலேருந்து ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்தேன். கல்லறை வாசல்ல ஒரு கூட்டம், ஒரு பெட்டி. ஒருத்தன் கையைப் புடிச்சு இழுத்து, 'வாப்பா, தோள் குடு'ன்னான். குடுத்தேன். அம்மா அந்த ஊருக்குக் குடிபோனப்புறம் அவங்க சிநேகிதங்க யாரையும் எனக்குத் தெரியாதில்ல? மேடு ஏற ஏற அழுதேன். அப்படி அழுதேன். மேல போனதும் பாதிரியார், 'நம் அன்புக்குரிய தோன் அபெலினோ'ங்கறார்."

யஸ்னாவின் கை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

"பெட்டியைப் போட்டுட்டு ஓட முடியுமா? மிச்ச மூணு பேரும் கிழவங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் அழுத அழுகையைப் பாத்துட்டு செத்தவரோட பொஞ்சாதி நேரா வந்து ஒரு அறை விட்டா. 'நீதானா அது? இத்தனை வருஷமா ஒளிச்சு வச்சிருந்தாரே, அந்தப் பையன்!' இல்லம்மான்னேன். எவன் நம்பறான்? 'மூக்கைப் பாரு, அவரேதான்'னு ஒரு கிழவி சாட்சி சொல்றா. அறைஞ்சவளே கடைசில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சூப் ஊத்தினா. விட்டு வெளிய வரும்போது கல்லறைக் கதவு பூட்டியாச்சு."

முதலில் ஃப்ரெசியாவின் தோள் குலுங்கியது. அப்புறம் யஸ்னாவுக்கு அடக்க முடியவில்லை. சவப்பெட்டியிலிருந்து சரிந்து, லாரியின் தரையில் உட்கார்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்பது வருடம் அவள் திட்டித் தீர்த்த ஆள் இவனில்லை.

"ஏண்டா சொல்லல?"

"அன்னிக்கு ராத்திரியே உனக்குப் போன் பண்ணேன். எடுத்ததும் 'நீயும் செத்துட்டியா'ன்னு கேட்ட. பதில் சொல்றதுக்குள்ள வச்சிட்ட. அப்புறம் வெக்கமா போச்சு. தப்பான பொணத்தைத் தூக்கினேன்னு யார்கிட்ட சொல்றது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஃப்ரெசியா, எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு. உன் சிரிப்புல அவர் பேச்சு பாதி அமுங்கிப் போச்சு."

"பரவால்ல. இதுதான் காட்சி" என்றாள் யஸ்னா. எழுதி வைத்திருந்த வசனத்தை அங்கேயே கோடு போட்டு அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்திவிட்டு அக்காவும் தம்பியும் அம்மாவைப் புதைத்த ஊரான வாயெனாருக்குப் போனார்கள். முதலில் தோன் அபெலினோவின் வீடு. வருடா வருடம் எலிசியோ அங்கே போய்த் தலையைக் காட்டுவது வழக்கமாம். கதவைத் திறந்த விதவை யஸ்னாவை மேலும் கீழும் பார்த்தாள். "கடவுளே, ஒரு பொண்ணு வேற இருக்கா?" என்று கத்திவிட்டு, உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். யஸ்னா மறுக்கவில்லை. அந்த வீட்டுச் சூப் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கல்லறையில் எலிசியோ வழி கேட்கவில்லை. அம்மாவின் இடத்துக்கு நேரே நடந்தான். சட்டைக் கையால் கல்லின் மேலிருந்த மண்ணைத் தள்ளினான். யஸ்னா பக்கத்தில் உட்கார்ந்து, பெயரின் எழுத்துகளுக்குள் படிந்திருந்த தூசியை நகத்தால் எடுக்க ஆரம்பித்தாள். வெயில் ஏறும்வரை இருவரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.