ஏழாம் ஊர்

பட்டியலில் எட்டாவதாக இருந்த வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. சூளகிரியைக் கடந்து நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் மண்பாதையை, புதுத் தொழிற்பேட்டைக்கு ஜல்லி ஏற்றிப் போகும் லாரிகள் குண்டும் குழியுமாக்கியிருந்தன. காரின் அடிப்பாகம் இரண்டு முறை தட்டியது. பேராசிரியர் வீரலட்சுமி ஓட்டுநரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, படிவக் கோப்பை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

இது பேராசிரியர்கள் செய்கிற வேலையல்ல. இறந்தவரின் வீட்டுக்குப் போய், எப்போது உடம்புக்கு முடியாமல் போனது, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் என்று கேட்டுப் படிவத்தை நிரப்புவது களப்பணியாளர்களின் பாடு. கடைசியாக மிச்சமிருந்த சுரேந்தரும் போன மாதம் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். வீரலட்சுமி ஓய்வுபெறப் பதினொரு மாதம்தான் இருந்தது. அதற்குள் ஆராய்ச்சியின் பத்தாண்டு முடிவை எழுதிவிட வேண்டும். மீதமிருந்த பதினான்கு மரணங்களுக்கும் தானே போவதென்று முடிவு செய்தார்.

இளம் மருத்துவராக அறுவை சிகிச்சை வார்டில் இருந்தபோது, சர்க்கரையால் அழுகிய கால்களை வெட்டி எடுப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் விட்டுப்போய்த்தான் அவர் பொது சுகாதாரத்துக்கு வந்தார். கால் அழுகுவதற்குப் பத்து வருடம் முன்பே அந்த மனிதரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே யோசனை. மாதம் ஒருமுறை ஒரு பெண் மாத்திரையோடு வீட்டுக்குப் போவாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாள், ஷிப்ட் முடிந்து வரும் ஆளுக்காகக் காத்திருப்பாள். அது பலன் தரும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இருபது ஊர்களை எடுத்து, சீட்டுக் குலுக்கி, பத்து ஊர்களுக்கு இந்த ஏற்பாடு, பத்து ஊர்களுக்கு வழக்கம்போல என்று பிரித்தார். வழக்கம்போல என்றால், வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, முடிவைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வது. ஊர்களுக்கு எண்கள் கொடுத்தார்கள். நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருந்த எட்டாம் ஊருக்கு மாத்திரை போனது. மேற்கே இருந்த ஏழாம் ஊருக்குப் போகவில்லை.

ஐந்து வருடம் கழித்து வந்த முடிவு அவரே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக இருந்தது. அதைக் காட்டித்தான் அவர் பேராசிரியரானார், அவரை அழைக்காத கூட்டமில்லை. இப்போது எல்லா ஊர்களிலும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அதில் தன் பங்கும் ஒரு துளி உண்டு என்று அவர் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் நம்பினார்.

ஏழாம் ஊர், மாதப்பன், இறக்கும்போது வயது ஐம்பத்து நான்கு. அவ்வளவுதான் அவரிடம் இருந்த விவரம். தகரக் கதவைத் தட்டினார். முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்த பெண்ணைப் பார்த்ததும் முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"சரசம்மா! நீ எங்க இங்க?"

சரசம்மா அவரிடம் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். பத்து ஊர்களின் பணியாளர்களிலும் அவளைப்போல யாருமில்லை. எட்டாம் ஊரில் ஒரு மாத்திரை தவறினால் அவளுக்குத் தெரிந்துவிடும். குடித்துவிட்டு விரட்டிய ஆளிடம் மூன்று நாள் விடாமல் போய் நின்று ரத்தம் வாங்கி வந்தவள். கூட்டங்களில் வீரலட்சுமி அவள் பெயரைச் சொல்லித்தான் மற்றவர்களைத் திருத்துவார்.

"எங்க ஊடு இதுதான் மேடம்," என்றாள் சரசம்மா. "வாங்க, உள்ள வாங்க."

சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. கம்பெனி செக்யூரிட்டி உடுப்பில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். வீரலட்சுமியின் சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

"மாதப்பன்..."

"எங்க ஊட்டுக்காரர்தான்."

"நீ எட்டாம் ஊர்னுதானே சேர்ந்த?"

"அது அம்மா ஊடு மேடம். ஏழாம் ஊருன்னா வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. அதனால அம்மா ஊட்டு விலாசத்தக் குடுத்தன்."

வீரலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு நாள் வருகிறேன், வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்று ஏதோ சொன்னார். சரசம்மா தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே தரையில் அமர்ந்தாள்.

"ஃபாரம் கொண்டாந்திருக்கீங்க இல்ல? கேளுங்க மேடம். நான் எத்தன ஊட்ல கேட்டிருக்கன்."

"வேண்டாம் சரசம்மா."

"கேளுங்க. ஒரு கேள்வியும் விடாம, வார்த்தைய மாத்தாம கேக்கணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அவர் கேட்டார். முதல் மூன்று கேள்விகளுக்குப் பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை. வரிசை அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுச் சாவைச் சொல்வதுபோல ஒரே சீராகச் சொன்னாள். முகம் வீங்கியது, பிறகு கால். மூத்திரம் குறைந்தது. கிருஷ்ணகிரியில் ரத்த சுத்திகரிப்பு, வாரம் இரண்டு தடவை, பதினாறு மாதம். காலை ஐந்தரை மணி பஸ். கடைசி மாதத்தில் பஸ் படி ஏற முடியாமல் நடத்துநர் கைகொடுத்துத் தூக்கினார். ஒரு வியாழக்கிழமை, சுத்திகரிப்பு முடிந்து திரும்பும் வழியிலேயே போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், தூங்குகிறார் என்று சூளகிரி வரைக்கும் எழுப்பாமல் வந்தாள்.

இந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, புடவை நுனியை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ஃபாரத்துல இல்லாத ஒண்ணு இருக்குது மேடம். சொல்லட்டுமா?"

"சொல்லு."

"மூணாவது வருசம் எட்டாம் ஊர்ல நாகம்மாள்னு ஒரு அம்மா, மக ஊட்டோட பெங்களூரு போயிடுச்சு. அதோட மாத்திரைய நான் திருப்பிக் குடுக்கல. அது பேருல எழுதிட்டு, இவுருக்குக் குடுத்தன். ஒம்போது மாசம். தெனமும் ராத்திரிச் சோத்துக்கு அப்பறம் என் கையால குடுப்பன். உடம்பு நல்லாத் தேறிச்சு. கெலவரப்பள்ளி அணைக்கு அவ்ளோ தூரம் என்னைய சைக்கிள்ல உக்கார வெச்சு ஓட்டிட்டுப் போனாரு, கல்யாணம் பண்ண புதுசாட்டம்."

"அப்புறம்?"

"அப்பறம் நீங்க ஒரு மீட்டிங்ல சொன்னீங்க. ஒரே ஒரு மாத்திர அந்தப் பக்கம் போனாலும் இத்தன ஆயிரம் பேரு குடுத்த ரத்தம் வீணு, இது நிரூபணமாகலன்னா யாருக்குமே எப்பவுமே கிடைக்காதுன்னு. எனக்கு அன்னைக்கி நைட்டெல்லாம் தூக்கமில்ல. நெசந்தானன்னு தோணுச்சு. நிறுத்திட்டன். சுகாதார நிலையத்துக்குப் போங்கன்னு சொன்னன். அவுருக்குப் பகல் ஷிப்ட். ரெண்டு தடவ லீவு போட்டுட்டுப் போனாரு. அதுக்கு மேல போகல."

வீரலட்சுமிக்கு அந்தக் கூட்டம் நினைவில்லை. அந்த வாக்கியம் நினைவிருந்தது. எத்தனையோ கூட்டங்களில் சொன்ன வாக்கியம் அது. சொல்லும்போதெல்லாம் பணியாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அது பிடித்துத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சரசம்மா."

"கேட்டன் மேடம். ஆளச் சொல்லாம கேட்டன். ஏழாம் ஊர்ல ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கு மட்டுமாச்சும் குடுக்கலாமான்னு. அஞ்சு வருசம் பொறுத்துக்க, அப்பறம் எல்லாருக்கும் வரும்னீங்க." அவள் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. "நீங்க சொன்னபடியே வந்துச்சு. இப்ப வாசலுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க. இவுரு போயி நாலு மாசம் வரைக்கும் இவுரு பேருக்கும் வந்துச்சு."

அடுத்த நாள் காலை அலுவலகத்தில், புள்ளிவிவரம் பார்க்கும் கௌதமைக் கூப்பிட்டு மாதப்பனின் பதிவைத் திறக்கச் சொன்னார். ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி முதல் இரண்டு ஆண்டுகளும் பத்துக்கு மேல். நான்காம் ஆண்டு பத்தரை. ஐந்தாம் ஆண்டு பதினொன்று. மூன்றாம் ஆண்டு காலியாக இருந்தது.

"வரலையா அந்த வருஷம்?"

கௌதம் பழைய கோப்பைத் தேடித் திறந்தான். "வந்திருக்கார் மேடம். ஏழு புள்ளி நாலு. நீக்கியிருக்கு. 'நம்பத்தகுந்ததல்ல, ஆய்வகப் பிழை'ன்னு குறிப்பு." கொஞ்சம் தயங்கினான். "உங்க கையெழுத்து."

மாத்திரை போகாத ஒப்பீட்டு ஊரில் திடீரென்று ஒருவருக்கு இவ்வளவு குறையாது என்று அன்று அவர் நினைத்திருக்க வேண்டும். சரியான நினைப்புத்தான். ஒரு போன் செய்து அந்த மனிதரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் பேரில் ஓர் எண்.

"திரும்பச் சேர்த்துடு. அந்த வருஷம் இந்த ஊர்ல ஒருத்தருக்கு மாத்திரை போயிருக்குன்னு அடிக்குறிப்பு எழுதணும். எட்டாம் ஊர்ல ஒரு பேரை எடுக்கணும். எல்லாத்தையும் மறுபடி ஓட்டிப் பார்."

"எழுதினா கேள்வி வரும் மேடம். ரிட்டயர் ஆகற நேரத்துல..."

"வரட்டும்."

கௌதம் ஓட்டினான். கால் மணி நேரம் ஆனது. வீரலட்சுமி ஜன்னலருகே நின்றிருந்தார். அவன் நாற்காலியைத் திருப்பிச் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டு, சரி என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவர் மறுபடி ஏழாம் ஊருக்குப் போனார். இந்த முறை கோப்பு எடுத்துப் போகவில்லை. மாலை ஐந்து மணி. சரசம்மா வீட்டுக்கு முன்னால் அறுத்து வந்த கொத்தமல்லியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் அனிதா கம்பெனி பஸ்ஸில் வருகிற நேரம் என்றாள்.

"உங்க வீட்டுக்காரரோட அந்த வருஷத்தை நான்தான் எடுத்துட்டேன் சரசம்மா. தப்பான எண்ணுன்னு நெனச்சுட்டேன். இப்ப திரும்பச் சேர்த்துட்டேன். நடந்ததையும் எழுதிட்டேன். உன் பேர் வராது."

சரசம்மாவின் கை நின்றது. "ஐயோ, அப்ப ஆராய்ச்சி கெட்டுப்போச்சா மேடம்?"

அவள் நிஜமாகவே பயந்திருந்தாள். அவளை ஆறுதல்படுத்தும் அவசரத்தில் வீரலட்சுமி சொன்னார்:

"இல்லம்மா. ஒண்ணும் கெடல. முடிவு அப்படியேதான் இருக்கு."

"கொஞ்சங்கூட மாறலியா?"

"இல்ல."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சரசம்மா கொத்தமல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கூட்டிப் பார்க்கிறவள்போல அவள் உதடு லேசாக அசைந்தது.

"ஒம்போது மாசத்தோட நிறுத்தாம... அந்த அஞ்சு வருசமும் குடுத்திருந்தா?"

பொய் சொல்லலாம். சொன்னால் இவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். எல்லா ஊர் ஜனங்களுக்காகவும் விட்டுக்கொடுத்தோம் என்றாவது இருக்கும். ஆனால் முப்பது வருடமாக எண்களை எண்களாகவே சொல்லிப் பழகிய வாய் அவருக்கு.

"அப்பவும் மாறியிருக்காது சரசம்மா. ஒரு ஆள்தானே."

"ஒரு ஆள்தான்," என்றாள் சரசம்மா.

அழுவாள் என்று நினைத்தார். கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தார். அப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட அவருக்குத் தோன்றியது. அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வீரலட்சுமி வெகுநேரம் வாசலில் நின்றார். கூப்பிடத் தைரியம் வரவில்லை. மெல்ல நெடுஞ்சாலையை நோக்கி நடந்தார்.

சாலையோரம் கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை, எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி பை. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஏதோ கிண்டலடித்துச் சிரித்துக்கொண்டு, பஸ் நகரும் வரை ஒரே கூட்டமாக நின்றார்கள். பஸ் போனதும் பாதிப் பேர் வண்டிகளுக்கு இடையே ஓடிச் சாலையைக் கடந்து கிழக்கே எட்டாம் ஊர்ப் பக்கம் போனார்கள். மீதிப் பேர் அவரைத் தாண்டி, மண்பாதையில் மேற்கே இறங்கி நடந்தார்கள்.