கை படாத உரம்

"பவுன், இங்க வா. டீச்சர் சொல்றதக் கேட்டு நீ டிரம்ல கைய விடு" என்று வேதநாயகி வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மற்ற பெண்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அவர்களுக்கு நடுவே ஒரு நீல டிரம். அதற்குள் சில வாரங்களாக மட்கிக்கொண்டிருந்தது வேதநாயகி வீட்டுக் காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் காய்ந்த இலையும்தான். அதை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து ஈரம் பார்க்கச் சொன்னாள், மாடித்தோட்ட வகுப்பு எடுக்க வந்த தீபா. சொன்னதுதான் தாமதம், புடவைத் தலைப்புகள் எல்லாம் மூக்குக்கு ஏறிவிட்டன.

"ஆன்ட்டி, இது உங்க வீட்டுக் கச்சரா, உங்க குப்பைதான். வேற யாரோடதும் இல்ல" என்றாள் தீபா.

"அதுக்கில்லம்மா. எச்சில் பாரு. சாமிக்கு விளக்கேத்துற கை."

போன வாரம் இதே கையால் பசுஞ்சாணியைக் கரைத்தவள்தான் வேதநாயகி. மாட்டின் வயிற்றிலிருந்து வந்தால் புனிதம். தன் தட்டிலிருந்து வந்தால் தீட்டு. வீட்டு வேலை செய்யும் பவுன் வந்து, டிரம்மில் முழங்கை வரை கையை விட்டு அள்ளிப் பிழிந்தாள். பெண்மணிகள் எட்டி நின்று பார்த்து, நன்றாகப் புரிந்ததாகச் சொன்னார்கள்.

தீபா பிறந்து வளர்ந்தது அந்த மராத்தி நகரத்திலேயே, கட்கியில். அப்பா ஜான், அங்கிருந்த ராணுவக் கன்டோன்மென்டில் துப்புரவுத் தொழிலாளி. அடுத்தவர் கழித்ததைச் சுமந்தே ஓய்ந்துபோன மனிதர். தீபா விவசாயம் படித்தாள், ஒரு விதைக் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அதை விட்டுவிட்டு நகரத்துக்கு வெளியே முல்ஷி பக்கம் ஒரு தம்பதியின் பண்ணையில் போய்த் தங்கினாள். வெறும் பாறைச் சரிவில் மழைநீரை மறித்து, சருகைப் பரப்பி, மரமும் கொடியும் கீரையுமாக அவர்கள் ஒரு சோலையை எழுப்பியிருந்தார்கள். பெர்மாகல்ச்சர் என்றார்கள் அதை. ஓர் இடத்தில் விழுவதெல்லாம் அந்த இடத்துக்கே உணவாகத் திரும்ப வேண்டும், கழிவு என்று எதுவும் வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் பாடம். தீபாவுக்கு அதில் வேறொன்றும் தெரிந்தது. ஒரு வீடு தன் குப்பையைத் தானே வைத்துக்கொண்டால், அதைச் சுமக்க என்று தனியாக ஒரு சாதி தேவைப்படாது. அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம், குடிசைப்பகுதி, அடுக்குமாடி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொடுத்தாள்.

அப்படித்தான் இரண்டாயிரத்து நாலில் வேதநாயகி குடியிருந்த விஷ்ராந்த்வாடிக்கு வந்தாள். முதல் வாரம் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அப்பா என்ன வேலை என்று யாரோ அன்பாக விசாரித்தார்கள். மறைக்காமல் சொன்னாள். அடுத்த வாரம் அவளுக்கு மட்டும் காகிதக் கோப்பை வந்தது. மண்ணில் புழங்குகிறவளுக்கு அதுதான் ஹைஜீன் என்று வேதநாயகி விளக்கமும் சொன்னாள். மற்றவர்களுடைய டம்ளர்களை அண்டக் கிருமிகளுக்குத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

அன்றைக்கே தீபா வருவதை நிறுத்தியிருப்பாள். பவுனுக்காகத்தான் வந்துகொண்டிருந்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை என்ன செய்வது, கோணிப்பையில் அவரை வைத்தால் வருமா என்று கேட்டவள் பவுன் ஒருத்திதான். மார்கழியில் அந்த மாடி கத்தரியும் அவரையும் தக்காளியுமாகக் காய்த்துக் குலுங்கியது.

அந்தப் பகுதித் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழாவில் அந்தக் காய்களைத் தாம்பாளங்களில் அடுக்கி வைத்தார்கள். மன்றத் தலைவர் சுப்ரமணியன் வேதநாயகியின் கணவர். இனி மாடித்தோட்ட வகுப்பைத் தம் மனைவியே நடத்துவாள் என்று அவர் மேடையில் அறிவித்தார். வழிமொழிந்து இரண்டு வார்த்தை பேசும்படி தீபாவைக் கூப்பிட்டார்கள். பட்டுப்புடவையில் வேதநாயகி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தீபா இரண்டு வார்த்தைதான் பேசினாள். "அந்த மாடியில உரம் பண்ணத் தெரிஞ்சவங்க பவுன் அக்கா மட்டும்தான். கத்துக்கணும்னா அவங்ககிட்ட கத்துக்கோங்க."

பின்னால் இலை போட்டுக்கொண்டிருந்த பவுன் நிமிரவில்லை. தமிழ் புரியாத மராத்தி விருந்தாளிகள் மட்டும் கைதட்டினார்கள்.

அன்று மாலையே பவுனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். செய்தி கேட்டு தீபா அவள் குடிசைக்கு ஓடினாள். பவுன் முகம் கொடுக்கவில்லை.

"என்னைக் கேக்காம எம்பேர ஏன் சொன்ன? நீ பேசிட்டு எறங்கிப் போயிட்ட. மறுநாள் அந்தப் படி ஏறவேண்டியவ நான்தானே."

வேதநாயகி பவுனின் கையை இரவல் வாங்கினாள், தான் அவள் பெயரை இரவல் வாங்கியிருக்கிறோம் என்று தீபாவுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டாள். தான் பாடம் எடுக்கும் ஆகுர்டி பள்ளிக்கூடத்தில் தோட்ட வகுப்புக்கு இன்னொரு ஆசிரியை வேண்டும், வர இஷ்டமா என்று இந்த முறை கேட்டாள். பவுன் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாள்.

விஷ்ராந்த்வாடியில் புதிதாக வேலைக்கு வந்த மராத்திப் பெண் டிரம் பக்கமே போக மாட்டேன் என்றுவிட்டாள். கிளறுவார் இல்லாமல் அது நாறிப் புழுத்தது. வேதநாயகி தீபாவுக்குப் போன் செய்தாள். நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்து விஷயத்துக்கு வந்தாள்.

"கை வைக்க யாராவது ஆள் இருந்தா அனுப்பேன்."

"ஆள் எதுக்கு ஆன்ட்டி? சனிக்கிழமை ஆகுர்டிக்கு வாங்க. பவுன் அக்கா கிளாஸ் எடுக்குறாங்க. பக்கத்துல உக்காந்து கத்துக்கலாம்."

போன் வைக்கப்பட்டது. டிரம் மறுநாளே முனிசிபாலிட்டி குப்பை வண்டியில் ஏறியது. அதைத் தூக்கிப் போட்டவனுக்குக் காகிதக் கோப்பையில்கூட எதுவும் தரவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அச்சடித்த அழைப்பிதழ் வந்தது. இயற்கை வேளாண்மைக்கு ஆற்றிய தொண்டுக்காக திருமதி வேதநாயகி சுப்ரமணியனுக்கு 'பசுமை நாயகி' பட்டம். விழாவில் தாம்பாளத்தில் வைத்த கத்தரிக்காய் மண்டியில் வாங்கியது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆகுர்டி பள்ளியின் உரக்குழி ஓரத்தில் தீபா இதைச் சொன்னபோது, பவுன் பிள்ளைகளுக்கு ஈரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"பட்டத்தையாவது அவங்க கையாலயே வாங்குனாங்களா?"