10403 பகா எண் அல்ல

மார்ச் 11, செவ்வாய்

10403 பகா எண் என்று பலகையில் நான் எழுதியது தவறு. 97 வரை வகுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். அடுத்த பகா எண்ணான 101 அதை மீதியின்றி வகுக்கிறது.

மாலை வகுப்பே சிரித்தது. "தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில போல்ட்டு எண்ணத்தான்டா நீ லாயக்கு," என்றான் பக்கத்து பெஞ்சு முகிலன். "இன்னும் ஒரு தடவ வகுத்திருந்தா மானம் போயிருக்காதுல்ல?"

ஆசிரியர் தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. "மாநிலக் கணக்குப் போட்டிக்குப் போகணும்னா 100003 பகா எண்ணா இல்லையான்னு நாளைக்கு நிரூபிச்சுக் காட்டு. தப்பு பண்ணா முகிலன் போவான்."

முகிலன் என் தோளில் கை போட்டான். தட்டிவிட்டேன். அவனைப் பார்த்தாலே எரிகிறது. என் கணக்கின் மீதும் எனக்கு நம்பிக்கையில்லை.

நாளை 100003-ஐ 2 முதல் 313 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டும். அடுத்ததான 317-இன் வர்க்கம் அதைவிடப் பெரியது என்பதால் 313 போதும். ஆனாலும் இந்த முறை ஒரு தடவை கூடுதலாக 317-ஆலும் வகுத்துவிட வேண்டும்.