ஒட்டில்லாத வட்டம்

என் மனைவியின் அண்ணன் தையல்காரர். கண்ணில் புரை வளர்ந்தது தெரியாமல், எட்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுத்துணியைக் கோணலாக வெட்டிவிட்டார். அன்று கடையை மூடியவர்தான். அறுவை சிகிச்சை முடிந்து, இனி தாராளமாக ஊசியில் நூல் கோக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

"அண்ணன் கையில ஒரு துணியைக் குடுக்கணும்," என்றாள் மனைவி. "கெட்டுப்போனா யாரும் சண்டைக்கு வரக்கூடாது."

"அப்ப அளவு சரியில்லைன்னு வாய் திறக்காத ஆளுக்குத் தைக்கச் சொல்லு."

"அப்படி ஒரு ஆள் உங்க சொந்தத்துல இல்லையே."

பேசிக்கொண்டே இருவரும் கூடத்து மூலையைப் பார்த்தோம். கிறிஸ்துமஸ் மரம் நின்றிருந்தது. அதன் அடியில், ஜல்லி நிரப்பிய பழைய பெயின்ட் வாளி பல்லைக் காட்டியது. சுற்றி விரிக்க ஒரு துணி தைத்தால் வாளியும் மறையும், மரமும் குறை சொல்லாது.

நான் துணிக்கடைக்காரன். மறுநாளே கடையில் இருந்ததில் நல்லதாக, அடர்சிவப்பில், பெரிய அகலத்தில் ஒரு துணி கொண்டுவந்தேன். மச்சான் வந்து அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதையா கழிவுத் துணின்னு சொன்னீங்க?"

"ஓரத்துல கறை இருக்கு மச்சான்."

"எங்க?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இப்பதானே கண்ணு திறந்திருக்கு."

மனைவி என் காலை மிதித்தாள். மச்சான் சிரித்தார், ஆனால் கை துணியை விட்டு விலகிவிட்டது.

"ரெண்டு துண்டா வெட்டி ஒட்டிக்கலாம். வெட்டுல பிசகு வந்தாலும் ஒட்டுல மறைஞ்சுடும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை அகலத் துணியைச் சுமந்துவந்து ஒட்டுப்போடுவதா? "நம்ம வீட்டு மரம் ஒட்டுப்போட்ட துணிமேல நிக்குமா மச்சான்? வர்றவங்க என் கடையைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று பிடித்துக்கொண்டேன். கடையில் வாடிக்கையாளரை மடக்குகிற மாதிரியே அரைமணி நேரம் பேசினேன். கடைசியில் அவர், "சரி, ஒரே துண்டு. வாயை மூடுங்க," என்று தரையில் உட்கார்ந்தார்.

துணியை நாலாக மடித்தோம். மடிப்பு மூலையில் மனைவி நூலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி அவர் ஒரு வளைவு இழுத்தார். அடிமரத்துக்காக மூலையில் சின்னதாய் இன்னொன்று. பிறகு கத்தரிக்கோலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். வெட்டினார். விரித்தபோது பௌர்ணமி நிலா போல இருந்தது, ஒரு தையல்கூட இல்லாமல். வெள்ளை பார்டர் வைத்துத் தருவதாக எடுத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். அதற்குள் நாங்கள் மரத்துக்கு மணி, பந்து, உச்சியில் நட்சத்திரம் எல்லாம் கட்டி முடித்திருந்தோம். துணியை விரித்துப் பிடித்தபடி மூவரும் மரத்தின் எதிரே நின்றோம்.

மேலே இருந்து போட்டால் கிளைகள் விடாது. கீழே இருந்து போட்டால் வாளி விடாது.

துணியிலேயே பிறந்து துணியிலேயே வளர்ந்த மூன்று பேர். வட்டத்துக்கு ஒரு வாசல் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான்தான் சொன்னேனே," என்றார் மச்சான் மெதுவாக. "நமக்கு இனி இது சரிப்படாது."

"ஒட்டு வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னது நான். உங்களை யாரு குத்தம் சொன்னா?" என்று நான் மரத்தை வாளியோடு தழுவித் தூக்கப் பார்த்தேன். நாலு பந்து உருண்டது. நட்சத்திரம் என் தலையில் விழுந்தது.

"இறக்குங்க. வர்றவங்களுக்கு உங்களைத்தான் ஜோடிச்சு நிறுத்தணும்போல," என்றாள் மனைவி.

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்து, துணியையே சற்று நேரம் பார்த்தார்.

"கத்தரிக்கோலை எடும்மா."

"வேணாம்ணே. முழுசா எவ்வளவு அழகா இருக்கு."

"இருக்கு. அதான் உள்ள போகல."

"ஒரு கோடாவது போட்டுக்கங்க மச்சான்," என்றேன்.

"பேசாம ஓரத்தைப் பிடிங்க மாப்பிள்ளை."

சாக்பீஸ் இல்லை, டேப் இல்லை. பார்டரில் தொடங்கி நடுத்துளை வரை, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்டினார். நான் ஆயுசு முழுக்க வெட்டு ஓரங்களைப் பார்த்தே பிழைத்தவன். விலையைக் குறைக்கச் சாக்குத் தேடுகிறவன்போல அந்த ஓரத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தேன். ஒரு இழைகூடத் தாண்டவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உருண்ட பந்துகளைப் பொறுக்கினாள்.

வெட்டிய இரண்டு ஓரங்களையும் மடித்துக் குண்டூசி குத்தினார் மச்சான். வீட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவர், அதன் சத்தத்தை ஒரு சுற்று கேட்டுவிட்டு முகம் சுளித்தார்.

"இது என்ன மெஷினு, இருமுது. நாளைக்குக் கடையைத் திறந்து அங்க அடிச்சுக்கறேன். ஷட்டர் துருப்பிடிச்சிருக்கும் மாப்பிள்ளை, தூக்க நீங்களும் வாங்க."